கிடங்கு என்று சொல்லியிருக்க வேண்டும்

அக்டோபர் மாதம் பதினேழாம் நாள், வியாழக்கிழமை. முந்தைய இரவு முழுவதும் பெய்த மழை விடியற்காலையில் நின்றிருந்தது; ஆயினும் வானம் வெளுக்கவில்லை. சாம்பல் நிற மேகம் கூரைகளின் மேல் படிந்து கிடந்தது. காற்று அசையவில்லை. நனைந்த மண்ணிலிருந்து எழுந்த புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மண் தோண்டுகிறவர்களுக்கு இதைவிட மோசமான நாள் ஒன்று உண்டென்றால் அது மழை நாள்தான். ஆனால் மழையில் எவரும் தோண்டுவதில்லை. ஆகவே, தோண்டக்கூடிய நாட்களுள் இதுவே மிக மோசமானது.

அந்த நாளில், தையற்கடை ஒன்றின் வாசலை ஒட்டிய குறுகிய சந்தில், குடிநீர்க் குழாயின் கசிவைத் தேடி மூன்று பேர் தெருவைத் திறந்துகொண்டிருந்தனர். மேஸ்திரி, அவருடைய மனைவி, மனைவியின் தம்பி ஆகியோரே அம்மூவர். சந்தின் முனையில் ஒரு பொக்லைன் நின்றது. அது தன் நீண்ட கையை நீட்டி, தெருவின் கெட்டியான மேல்தோலை உரித்துக் கொடுத்துவிட்டு ஓய்ந்திருந்தது. குழாய் கிடக்கும் இடத்தில் அதன் இரும்புப் பல் பட்டால் கசிவு உடைப்பாகிவிடும்; எனவே மிச்சமெல்லாம் கை வேலை. பொக்லைன்காரர், பெருத்த உடம்பும் அதற்கேற்ற குறட்டையும் உடையவர், முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு இருக்கையிலேயே உறங்கினார். இயந்திரம் மட்டும் நிறுத்தப்படாமல் உறுமிக்கொண்டிருந்தது.

இக்குழுவினரிடம் ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு ஆழம் தோண்டியாயிற்று என்பதை அவர்கள் அடிக்கணக்கில் கூறுவதில்லை. ஒரு சொல்லால் கூறுவார்கள். முழங்காலளவு இருந்தால் பள்ளம்: ஏறலாம், இறங்கலாம், ஓரத்தில் உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம். இடுப்புவரை இறங்கிவிட்டால் குழி: உள்ளே ஒருவர் இருக்கையில் மேலே மற்றொருவர் நின்றே ஆக வேண்டும். மார்பைத் தொட்டுவிட்டால் கிடங்கு. கிடங்கு என்றதும் மூட்டைகளை அடுக்கி வைக்கும் கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இவர்கள் பேச்சில் அது, இருபுறமும் மண் சுவராய் எழுந்து நிற்கும் ஆழத்தைக் குறித்தது. அச்சொல் காதில் விழுந்த மறுகணம் உள்ளே இருப்பவர் கையில் உள்ளதைப் போட்டுவிட்டு மேலே வந்துவிட வேண்டும். இரு பக்கமும் பலகை நிறுத்தி, குறுக்கே முட்டுக் கொடுத்த பிறகே மறுபடி இறங்கலாம். தலை மறைந்தால் கிணறு: இடுப்பில் கயிறில்லாமல் இறங்கக் கூடாது. பக்கவாட்டில் குடைந்தால் வளை. அதற்குள் தம்பிக்கு மட்டுமே அனுமதி, ஏனெனில் வேறு யாருடைய தோளும் அதில் நுழையாது. எல்லாம் முடிந்து, மண்ணைத் தள்ளி மூடி, இடித்துக் கெட்டிப்படுத்திய பின் கடைசியாகச் சொல்லப்படுவது தரை. அதைக் கேட்காமல் எவரும் வீட்டுக்குப் புறப்படுவதில்லை. அகராதிகள் இச்சொற்களுக்கு என்னென்னவோ பொருள் கூறலாம். இவர்களுக்கு ஒவ்வொன்றும் ஓர் உத்தரவு.

அந்த உத்தரவை இடும் உரிமை மேஸ்திரிக்கு இல்லை என்பதுதான் இதில் விசேஷம். அது கரையில் நிற்பவருக்கு உரியது. உள்ளே நிற்பவன் ஆழத்தோடு சேர்ந்து தானும் இறங்குகிறான். அவன் காலின்கீழ் எந்நேரமும் தரைதான் இருக்கிறது. ஆகவே தான் எங்கே நிற்கிறோம் என்பது அவனுக்குத் தெரியாது. மேஸ்திரியின் மனைவி கல்யாணமான ஆண்டிலிருந்து கரையில் நிற்கிறாள். கயிற்றில் வாளியை இழுப்பாள், மண்ணைக் கொட்டுவாள், ஆழத்துக்குப் பெயர் சொல்வாள். வேலை செய்யும் தெருக்களிலெல்லாம் அவளுக்குக் கரைக்காரி என்றே பெயர்.

அந்தக் கரைக்காரி ஞாயிற்றுக்கிழமை முதல் கணவனிடம் வாய் திறந்து ஒரு சொல் பேசவில்லை.

காரணம் பெரிதில்லை, ஆனால் சுருக்கென்று தைக்கக்கூடியது. ஞாயிறன்று அவளுடைய அக்காள் வீட்டில் உறவினர் கூடியிருந்தனர். அக்காள் கணவர் பேச்சுவாக்கில், "ஏன் சகல, நீங்க பார்த்ததிலேயே ஆழமான குழி எது?" என்று கேட்டார். மேஸ்திரி மீசையைத் துடைத்துக்கொண்டார். "நான் தோண்டுறதெல்லாம் என்னங்க ஆழம்? எங்க வீட்டம்மா வாயைத் திறந்தா நின்னு பாருங்க. அதுக்கு நாங்க இன்னும் பேரே வைக்கல. அடி தெரிஞ்சாத்தானே பேர் வைக்க முடியும்?" கூடம் குலுங்கியது. எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தவள் அவளுடைய சொந்த அக்காள். கரைக்காரி தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில், சன்னலைப் பார்த்தபடியே, "அந்தக் குழியை மூடியாச்சு. இனிமே தரைதான்" என்றாள். அவ்வளவுதான். பூட்டுப் போட்டது போல் வாய் மூடிக்கொண்டது.

முதல் நாள் மேஸ்திரி அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டார். இரண்டாம் நாள் கெஞ்சினார். அதற்குப் பிறகு அவருக்கும் வீம்பு வந்துவிட்டது. வீட்டில் உப்பு வேண்டுமென்றாலும், வேலையில் வாளி வேண்டுமென்றாலும், தம்பியின் வழியாகவே பேச்சு நடந்தது.

அன்று காலையும் அப்படியே.

"தம்பி, குழின்னு சொல்லுடா" என்றாள் கரைக்காரி, தன் காலடியில் இடுப்பளவு ஆழத்தில் நின்ற கணவனைப் பாராமல்.

"மாமா, குழியாம்."

"யாரு சொன்னது?"

"அக்கா."

"எந்த அக்கா? இங்க யாரும் பேசின மாதிரி எனக்குக் கேக்கலையே மச்சான். தையல்காரம்மா சொன்னாங்களா?"

கடை வாசலில் தையல் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்த தையல்காரம்மா நிமிர்ந்து பார்த்தார். "என்னை எதுக்கய்யா இழுக்குறீங்க? காலையிலேருந்து பார்க்குறேன், கோர்ட்டுல வக்கீல் வெச்ச மாதிரி பேசிக்கிறீங்க" என்றார்.

"ஃபீஸ் தராத கட்சிக்காரங்கம்மா ரெண்டு பேரும்" என்றான் தம்பி.

சற்று நேரத்தில் குழாய் தென்பட்டது. மண்வெட்டியின் முனை இரும்பில் பட்ட ஒலி கேட்டவுடன் மேஸ்திரி குனிந்து, கையால் சேற்றை வழித்துப் பார்த்தார். இரு குழாய்களைச் சேர்க்கும் இரும்பு வளையம் விரிந்திருந்தது. புதிய வளையம் பெரிய சாலையில் உள்ள கடையில்தான் கிடைக்கும். தம்பி லாரியின் சாவியை எடுத்துக்கொண்டான். முட்டுப் பலகைகள் லாரியில் இருந்தன.

"பலகையை இறக்கி வெச்சுட்டுப் போகவா?" என்று பொதுவாகக் கேட்டான்.

"குழிதானேடா? குழிக்கு எதுக்குப் பலகை?" என்றார் மேஸ்திரி.

கரைக்காரி வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அவர் சொன்னது உண்மை. அப்போது அது குழிதான்.

"நான் போயிட்டா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல யாரு? பொக்லைன் அண்ணனை எழுப்பி விடட்டுமா?" என்று கேட்டுச் சிரித்தபடி தம்பி போய்விட்டான்.

இதற்குப் பிறகு நடந்ததைக் கவனமாகச் சொல்ல வேண்டும்.

வளையத்தை மாற்றுவதற்குக் குழாயின் அடியில் ஒரு கை நுழையும் அளவுக்கு மண்ணை எடுத்தால் போதும். மேஸ்திரி அதை எடுத்துவிட்டார். அத்தோடு அவர் மேலே வந்து, தம்பி வரும்வரை பீடி பற்ற வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். வழக்கமாக அப்படித்தான் செய்வார். அன்று அவர் வரவில்லை. மறுபடி மண்வெட்டியை எடுத்தார். குழாய்க்குப் பக்கத்தில், தேவையே இல்லாத இடத்தில், தோண்டத் தொடங்கினார்.

கரைக்காரி வாளியை இழுத்தாள், கொட்டினாள். எதற்குத் தோண்டுகிறார் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கத் தூதனுப்பத் தம்பி இல்லை. அவள் கொட்டிய மண் கரையோரத்தில் குவிந்துகொண்டே போனது. அதைத் தள்ளிக் கொட்ட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். கோபத்தில் கை அருகிலேயே கொட்டியது.

மண்ணின் விளிம்பு மேஸ்திரியின் இடுப்பைத் தாண்டியது. விலாவைத் தாண்டியது. சட்டைப் பையின் மேல்நுனியைத் தொட்டது. அவள் மனத்தில் அச்சொல் தானாகவே எழுந்து நின்றது. கிடங்கு. அது எச்சில் போல் நாக்கின்மேல் இருந்தது. துப்பினால் போதும்.

அவருக்கும் தெரியாமலா இருக்கும், இத்தனை வருடம் தோண்டியவர், தாமாக வரட்டுமே என்று அவள் எண்ணினாள். அடுத்த வாளி வந்தது. எதிர்ச் சுவரிலிருந்து கடலை அளவு மண் உருண்டை ஒன்று உதிர்ந்து, சேற்றில் சொத்தென்று விழுந்தது. பின்னர் இரண்டு. இது முன்பு ஒருமுறை தோண்டி மூடிய மண். கன்னி மண்ணைப் போல் அது பிடித்து நிற்காது. இரவெல்லாம் தண்ணீர் வேறு குடித்திருக்கிறது. சொல்லிவிடுவோம் என்று முடிவு செய்தாள். அவர் நிமிர்ந்து பார்க்கும் வேளையில், கண்ணைப் பார்த்து, வெடுக்கென்று சொல்லிவிடுவோம்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

மீசைக்கு அடியில் ஒரு சிரிப்பு இருந்தது. மிகச் சிறிய சிரிப்பு. அக்காள் வீட்டுக் கூடத்தில், எல்லாரும் குலுங்கியபோது இருந்த அதே சிரிப்பு என்று அவளுக்குப் பட்டது. திறக்க இருந்த வாய் திறக்கவில்லை.

சத்தம் பெரிதாக வரவில்லை. நனைந்த மெத்தை ஒன்று மாடியிலிருந்து விழுந்தாற்போல் ஒரு பொத்தென்ற ஒலி. அவள் மண் கொட்டி வைத்திருந்த பக்கம் முழுவதும், குவியலின் பெரும்பகுதியோடு, ஒரே துண்டாக உள்ளே இறங்கியது. அவள் பின்னால் சாய்ந்து விழுந்தாள். எழுந்து பார்த்தபோது குழிக்குள், கால் மடிந்து சரிந்துவிட்ட மேஸ்திரியின் தலையும், ஒரு தோளும், மண்வெட்டியைப் பிடித்தபடி உயர்ந்த ஒரு கையும் மட்டும் இருந்தன.

"கிடங்கு!" என்று கத்தினாள்.

அவள் குரல் சந்தின் இரு சுவர்களிலும் மோதித் திரும்பி வந்தது. அதைக் கேட்டு எவரும் மேலே ஏறி வரவில்லை.

அவளுடைய உடம்பு குதிக்கத் துடித்தது. ஆனால் கரையில் நின்று பழகிய கால்கள் அவளைப் பிடித்து நிறுத்தின. ஒருவரை விழுங்கிய மண், அவரைக் காப்பாற்றக் குதிப்பவரையும் விழுங்கும். அவள் ஓடினாள், குழியை நோக்கியன்று, பொக்லைனை நோக்கி. ஓட்டுநரின் முகத்துண்டைப் பிடுங்கி எறிந்தாள்.

"அண்ணே, இன்ஜினை நிறுத்து! நிறுத்து! அதிருது!"

அவர் பதறி நிறுத்தினார். "என்ன தங்கச்சி, என்னாச்சு?"

"அவர் மேல சரிஞ்சிடுச்சு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லு, தம்பிக்குச் சொல்லு, பலகை வேணும்னு சொல்லு. சந்துக்குள்ள யாரையும் ஓட விடாதே."

"பக்கெட்டை விட்டு ஒரே வாரா வாரிடவா?"

"வாருனா மண்ணோட அவரும் வருவாரு, பாதிப் பாதியா. கிட்ட வராதே அண்ணே!"

தையல்காரம்மா இயந்திரத்தை விட்டு எழுந்து, நெஞ்சில் கைவைத்து நின்றார். அவருக்குப் பின்னால், துணி வெட்டும் மேசை கரைக்காரியின் கண்ணில் பட்டது. ஆள் நீளத்துக்கு, ஒரே பலகையால் ஆன கனத்த மேசை.

"அம்மா, அந்த மேசைப் பலகை வேணும்."

"எடும்மா, எடு. கழட்ட வராது, ஆணி அடிச்சிருக்கு."

பொக்லைன்காரர் உள்ளே நுழைந்தார். மேசையைப் புரட்டிப் போட்டு, கால்களை ஒவ்வொன்றாக உதைத்து ஒடித்தார். அத்தனை பெரிய உடம்பு அதற்காகவேனும் பயன்பட்டது. பலகையைக் கரைவரை சுமந்து வந்தார்கள். அதில் வெட்டுக்கோடுகளும் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்த யாரோ ஒருவருடைய சட்டைக் கையும் இருந்தன. அதை இடியாத பக்கத்துக் கரையில் படுக்கப்போட்டு, உடம்பின் கனம் பரவுமாறு அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள் கரைக்காரி. இப்போது அவள் முகம் கணவன் முகத்துக்கு நேர் மேலே இருந்தது.

"ஏங்க."

அவர் கண்ணைத் திறந்தார். இமையில் சேறு அப்பியிருந்தது. மூச்சை உள்ளே இழுக்க முயன்றார், பாதியில் நின்றுவிட்டது. மூச்சை விடும்போதெல்லாம் மண் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதை அவள் அறிவாள். அடுத்த மூச்சுக்கு முந்தைய மூச்சின் அளவுகூட இடம் கிடைப்பதில்லை.

"பெரிசா இழுக்காதீங்க. சின்னச் சின்னதா. நாய் இரைக்குமே, அந்த மாதிரி. நான் சொல்றேனில்ல? பேசாதீங்க. கண்ணை மட்டும் மூடாதீங்க. கேட்டுக்கிட்டே இருங்க."

அவள் பேசத் தொடங்கினாள். ஞாயிறு முதல் சேர்த்து வைத்த அத்தனையும் வந்தது. மண்ணெண்ணெய் அடுப்பில் திரி மாற்ற வேண்டும் என்று சொல்ல நினைத்தது, பெரிய மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் முதல் வரிசையில் இடம் கிடைத்தது, அவர் சட்டையில் பொத்தான் தைத்துவிட்டுச் சொல்லாமலே மடித்து வைத்தது, அக்காள் சிரித்த சிரிப்பை அக்காளிடமே கேட்கப் போவது என்று ஒன்று விடாமல் பேசினாள். பேசிக்கொண்டே கையை நீட்டி, அவர் கழுத்தைச் சுற்றியிருந்த மண்ணை விரல்களால் வழித்து எடுத்தாள். எதிர்க்கரையில், விளிம்பை விட்டுத் தள்ளி, தையல்காரம்மாவும் அண்டை வீட்டுப் பெண்கள் இருவரும், அவள் சொன்னபடி மெதுவாக நடந்து, கரையில் மிச்சமிருந்த மண் குவியலைத் தாம்பாளத்திலும் வாளியிலும் அள்ளித் தூரப் போட்டுக்கொண்டிருந்தனர்.

தம்பி வந்தான். பெரிய சாலையில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றதால் லாரியை அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்திருந்தான். தோளில் இரண்டு பலகைகள் மட்டும்.

"மாமா!"

"சத்தம் போடாதே. இந்தப் பக்கமா, பலகை மேல இறங்கு. மண்வெட்டி வேணாம், கையால. முதல்ல நெஞ்சு. நெஞ்சை விடுவி."

அவன் ஒல்லி உடம்பு வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கியது. மண்டியிட்டு, தையல்காரம்மா கொடுத்த கிண்ணத்தால் மாமனின் மார்பைச் சுற்றித் தோண்டினான். சிறிது நேரத்தில் மேஸ்திரியின் நெஞ்சு எழும்பித் தாழ்வது கண்ணுக்குத் தெரிந்தது. முதல் முழு மூச்சு வந்தபோது ஓர் இருமலும் கூட வந்தது. கரைக்காரிக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அப்போதுதான் கேட்டாள். "குழாய்தான் தெரிஞ்சிடுச்சே. எதுக்குங்க அப்புறமும் தோண்டினீங்க?"

அவர் உதடு அசைந்தது. "நீ... சொல்லுவேன்னு."

"என்னது?"

"கிடங்குன்னு. தம்பி இல்ல. வேற வழியில்லாம... என்கிட்ட நேரா... வாயைத் திறப்பேன்னு பார்த்தேன்."

கிண்ணத்தைப் பிடித்திருந்த தம்பியின் கை ஒரு கணம் நின்றது. அவன் அக்காளைப் பார்த்தான். அவள் முகத்தில் அழுகையும் ஆத்திரமும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

"பாவி மனுஷா" என்றாள். "ஒரு வார்த்தைக்காகவா? வீட்டுல கேட்டிருந்தா தந்திருக்க மாட்டேனா?"

"கேட்டேனே... செவ்வாய்க்கிழமை."

"இன்னொரு நாள் கேட்டா என்னவாம்?"

"அக்கா, வீட்டுக்குப் போய் சண்டை போடுங்க. இடுப்புகிட்ட வந்துட்டேன். இன்னும் கொஞ்சம்தான்" என்றான் தம்பி.

அவள் எதிரே, ஏற்கெனவே ஒருமுறை இடிந்த பக்கத்தின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேலே, கரையின் ஈர மண்ணில், விளிம்புக்கு இணையாக ஒரு கோடு தெரிந்தது. மயிரிழை போன்ற கோடு. சற்று முன்பு அது இல்லை. அவள் பார்க்கப் பார்க்க அது ஒரு நூலின் கனத்துக்கு விரிந்தது. சுவரிலிருந்து கடலையளவு மண் உதிர்ந்து தம்பியின் முதுகில் விழுந்தது. அவன் உணரவில்லை.

இந்தச் சொல்லை இப்போது சொன்னால் தம்பி மேலே வர வேண்டும். வழக்கம் அதுதான், யாரை விட்டுவிட்டு வருகிறோம் என்று அந்தச் சொல் கேட்பதில்லை. இன்னும் கொஞ்சம் என்று அவன் சொல்கிறான். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் இருவரும் மேலே வந்துவிடலாம். அல்லது இருவருமே வராமல் போகலாம். கணவன் இடுப்புவரை மண்ணில் இருக்கிறார். உடன்பிறந்தவன் அவருக்கு முன்னால் மண்டியிட்டிருக்கிறான். அவள் வாயில் ஒரு சொல் இருக்கிறது. காலையிலும் இதே சொல்தான் இருந்தது.

"கிடங்கு!" என்றாள்.

தம்பி நிமிர்ந்தான். "அக்கா, இன்னும் ஒரு..."

"கிடங்குடா! மேல வா!"

"மாமாவை விட்டுட்டா?"

"நான் கரையில நிக்கிறேன். நான் சொல்றேன். ஏறு!"

அவன் அசையவில்லை. மேஸ்திரி, விடுபட்ட கையால், அவன் மார்பில் ஓங்கித் தள்ளினார். "போடா. உங்க அக்கா சொல்லிட்டாள்ல?"

தம்பி ஏறினான். பொக்லைன்காரர் அவன் சட்டைக் காலரைப் பிடித்து ஒரே இழுப்பாக வெளியே இழுத்துப் போட்டார். கரைக்காரி தான் படுத்திருந்த மேசைப் பலகையிலிருந்து உருண்டு விலகி, அதன் ஒரு முனையைத் தூக்கினாள். "அண்ணே, பிடி!" இருவருமாய் அதைக் குழிக்குள் செருகினார்கள், மேஸ்திரிக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில், மேல்முனை அவர் தலைக்கு மேலே சாய்ந்து எதிர்ப்பக்கம் முட்டுமாறு. "தலையைக் குனிங்க!"

நூலாக இருந்த கோடு வாய் பிளந்தது. சுவர் வந்தது.

பலகை முனகிற்று. பிறகு மண்ணைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. குழியின் அந்தப் பாதி முழுவதும் நிரம்பி, சுண்ணாம்புக் கோடிட்ட பலகையின் ஒரு மூலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தம்பி மண்டியிட்டிருந்த இடத்தின்மேல், மண்டியிட்டவன் தலை மறையும் உயரத்துக்கு மண் கிடந்தது.

"ஏங்க" என்றாள் கரைக்காரி.

பலகையின் மூலையை நோக்கிக் குனிந்தாள்.

"ஏங்க. நான் பேசுறேன். கேக்குதா? உங்களைத்தான்."

தையல்காரம்மாவின் கையிலிருந்த வாளியின் பிடி மட்டும் கிறீச்சிட்டது. கரைக்காரி பலகையின் மூலையில் காதை வைத்தாள். உள்ளே ஒரு கீறல் ஒலி கேட்டது. நகம் மரத்தைக் கீறும் ஒலி. தொடர்ந்து, தொண்டைக்குள் எதையோ விழுங்கினாற்போல் ஓர் இருமல்.

சாய்ந்த பலகைக்கு அடியில், அவர் தலையும் நெஞ்சும் இருக்கும் அளவுக்கு ஒரு வெற்றிடம் எஞ்சியிருந்தது. பள்ளம், குழி, கிடங்கு, கிணறு, வளை என்று அத்தனை பெயர் வைத்திருந்தவர்களிடம் அந்த இடத்துக்குப் பெயரில்லை. யாரும் தோண்டாமல் உண்டான இடம் அது.

பொக்லைன்காரர் பெரிய சாலைக்கு ஓடி மீதிப் பலகைகளைச் சுமந்து வந்தார். இரண்டு பேர் தூக்குவதை அவர் ஒருவரே தூக்கினார். இம்முறை எந்தச் சந்தேகத்துக்கும் இடமின்றிப் பலகை நிறுத்தி, குறுக்கே முட்டு அடித்து, அவற்றைக் கரைக்காரி ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்த பிறகே தம்பி இறங்கினான். ஆம்புலன்ஸில் வந்த செவிலியர் கரையில் நின்று, கால் விரலை அசைக்கச் சொன்னார். அசைந்தது. அதன் பிறகு எல்லாம் மெதுவாகவே நடந்தது. மெதுவாகத்தான் நடக்க வேண்டும். கடைசியில், சேற்று நிற மனிதர் ஒருவர் பலகையோடு பலகையாக மேலே வந்தார். மேகம் இன்னும் கலையவில்லை.

"விலா எலும்பு ரெண்டு போயிருக்கும் போல. மத்தபடி அதிர்ஷ்டசாலி" என்றார் செவிலியர்.

பொக்லைன்காரர் கரைக்காரியின் அருகில் வந்து தயங்கினார். "ராத்திரி மழை மண்ணு தங்கச்சி. யாரையும் குத்தம் சொல்ல முடியாது. மேலிடத்துல கேட்டா அப்படியே சொல்லிடுவோம்."

"மண்ணு காலையிலேயே சொல்லிடுச்சு அண்ணே. உருண்டை உருண்டையா உதிர்ந்து சொல்லுச்சு. நான்தான் சொல்லலை. கேட்டா நான் அப்படித்தான் சொல்லுவேன்."

ஒரு மனிதனை விழுங்கப் பார்த்த ஆழத்தைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போக முடியாது. வேலையை அரைகுறையாகவேனும் மூட வேண்டும். கரையில் நின்றவள்தான் கடைசிச் சொல்லையும் சொல்ல வேண்டும். அவள் ஆம்புலன்ஸின் படியைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள்.

"நீ ஏறுக்கா" என்றான் தம்பி. "நாங்க மூடுறோம். முடிஞ்சதும் போன் பண்றேன். நீ சொன்னாத்தான் கிளம்புவோம்."

அவள் ஏறினாள்.

வண்டி போக்குவரத்தில் ஊர்ந்தது. மேஸ்திரியின் மூக்கில் குழாய் இருந்தது. அவர் அவள் கையைத் தேடிப் பிடித்தார். அவருடைய நகங்களில் இரண்டு பிளந்து, அவற்றுக்கடியில் மேசைப் பலகையின் சிராய் ஏறியிருந்தது. அவள் குனிந்து ஒவ்வொரு சிராயாக எடுத்தாள்; எடுத்துக்கொண்டே பேசினாள்.

"தையல்காரம்மாவுக்கு மேசை செஞ்சு கொடுக்கணும். அந்தப் பலகையில யாரோ ஒருத்தருக்குச் சட்டை வேற வரைஞ்சிருந்தாங்க. அந்த ஆளு வந்து சட்டை எங்கன்னு கேட்டா என்ன சொல்லுவாங்க? பாவம். கையை இழுக்காதீங்க. வலிக்குதா? வலிக்கட்டும்."

"ஞாயித்துக்கிழமை நான் சொன்னது..." என்று அவர் தொடங்கினார்.

"பேசாதீங்க. நர்ஸம்மா என்ன சொன்னாங்க? நான் பேசுறேன், நீங்க கேளுங்க."

அவர் கேட்டார். செவிலியர் சன்னலுக்கு வெளியே பார்ப்பது போல் பாசாங்கு செய்தார்.

மருத்துவமனை வாசலில் வண்டி நின்று, கதவு திறக்கும்போது கைபேசி ஒலித்தது. பின்னணியில் பொக்லைனின் உறுமல் கேட்டது. தம்பி அதற்கு மேலாகக் கத்தினான்.

"அக்கா, மூடியாச்சு. இடிச்சாச்சு. அண்ணன் மேல நின்னு குதிச்சே பார்த்துட்டாரு."

"யாரு, பொக்லைன் அண்ணனா? அவர் குதிச்சும் இறங்கலையா?"

"இறங்கல."

கைபேசியைக் காதில் வைத்தபடியே அவள் படுக்கையை உருட்டுகிறவர்களோடு கூட நடந்தாள். மேஸ்திரி மல்லாந்தவாறு அவள் வாயையே பார்த்துக்கொண்டு போனார். மீசைக்கு அடியில் சிரிப்பு ஏதும் இல்லை.

"தரை" என்றாள்.

அப்போது மணி மாலை ஐந்து நாற்பத்திரண்டு.